பதினெட்டுப் படிகள்: வீட்டுக்கு ஸ்டேர் லிஃப்ட் வாங்குவதற்கு முன்

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். கார்த்திகை மாதத்தில் யோக நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது எங்கள் வடாற்காட்டுப் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அறுபது வயது வரை அம்மா அந்தப் படிகளை வருஷம் தவறாமல் ஏறியவர். அதே அம்மாவுக்கு 74 வயதில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் 18 படிகள் முடியாமல் போயின. முழங்கால் தேய்மானம் முன்பே இருந்தது. அதோடு லேசாக ஒரு பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் பயந்தார். வலது கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தால் படியின் விளிம்பைத் துழாவித் துழாவி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவார். பக்கத்தில் நிற்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்போதுதான் ஸ்டேர் லிஃப்ட் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். பலரிடம் கேட்டும், ஒரு தவறு செய்தும் கற்றுக்கொண்டவை இவை. முதல்முறையாக இதைப் பற்றி யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், அது என்ன? மாடிப்படியின் ஓரமாக ஒரு தண்டவாளம். அதன்மேல் ஊர்ந்து போகும் ஒரு நாற்காலி. அவ்வளவுதான். சுவரில் மாட்டுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, தண்டவாளத்தின் கால்களைப் படிகளின் மேல்தான் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். அதனால் சுவர் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. படி உறுதியாக இருக்க வேண்டும்.

தண்டவாளத்தில் நீளவாக்கில் பற்கள் இருக்கும். நாற்காலியின் அடியில் இருக்கும் மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும். அதனால் வழுக்கும் என்ற பயம் வேண்டாம். மோட்டாருக்கு மின்சாரம் போகாத நேரத்தில் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டிருக்கும். அதோடு, ஏதோ கோளாறில் நாற்காலி அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்க ஆரம்பித்தால் அதைக் கவ்வி நிறுத்த இன்னொரு தனி ஏற்பாடும் உண்டு. வேகமும் குறைவுதான். ஐரோப்பியத் தர விதிப்படி விநாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. லேண்டிங்கைச் சுற்றி வரும் எங்கள் வீட்டுப் படியில் கீழிருந்து மேலே போக ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் நாற்காலி நகரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கால் வைக்கும் பலகையின் ஓரங்களில் சென்சார் இருக்கும். படியில் குழந்தையின் பொம்மையோ செருப்போ கிடந்து அதில் இடித்தால் உடனே நின்றுவிடும். சீட் பெல்ட் உண்டு. நாற்காலி மாடியில் இருக்கும்போது கீழே இருப்பவர் கூப்பிடுவதற்கு இரண்டு முனையிலும் ரிமோட் உண்டு. பயன்படுத்தாத நேரத்தில் சீட்டையும் பலகையையும் மடக்கி வைத்தால், மற்றவர்கள் ஏறி இறங்க வழி கிடைக்கும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் ஒன்றும் ஆகாது. அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட்டில் மோட்டாரை ஓட்டும். வீட்டு மின்சாரத்தின் வேலை அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்வது மட்டும்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினாலும் பல முறை ஏறி இறங்கலாம். நேரடி மின்சாரத்தில் மட்டுமே ஓடும் மாடலை யாராவது காட்டினால் நம் ஊருக்கு அது வேண்டாம் என்பேன். பாதிப் படியில் ஒரு பெரியவர் மாட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

படியில் ஏற்றுவது மெஷினின் வேலை. அதை எல்லா நல்ல கம்பெனி மெஷினும் ஒழுங்காகவே செய்யும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதும், அதிலிருந்து எழுந்து நிற்பதும் அம்மாவின் வேலை. ஒரு பயணத்துக்கு இரண்டு முறை அதைச் செய்தாக வேண்டும். ஸ்டேர் லிஃப்ட் ஒருவருக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பது அந்த இரண்டு இடத்தில்தான் முடிவாகிறது. கேட்லாக்கில் நாற்காலி படியின் நடுவில் போகிற படத்தையே போடுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது கீழ் முனையையும் மேல் முனையையும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்துகொள்ள வழி சொல்லிப் பழக்குபவர். வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966இல் பாகாயத்தில் வந்தது. வீட்டில் எங்கே கைப்பிடி வைக்க வேண்டும், கட்டில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், படிக்கு என்ன செய்யலாம் என்றெல்லாம் நோயாளியைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டைத் தெரிந்த அளவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை நமக்குத் தெரிவதில்லை. கம்பெனிக்குப் போன் செய்வதற்கு முன்னால் இவர்களில் ஒருவரைப் பாருங்கள். விற்கிறவர் நம் படியை அளப்பார், இவர் நம் அம்மாவைப் பார்ப்பார்.

அந்தத் தெரபிஸ்ட் சொன்ன ஒரு சின்ன சோதனையை நீங்களும் இன்றே செய்து பார்க்கலாம். வீட்டில் இருக்கிற நாற்காலிகளில் பெரியவரை ஒவ்வொன்றாக உட்கார வையுங்கள். எதிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழ முடிகிறது என்று பாருங்கள். சோஃபாவிலிருந்து அம்மாவால் எழவே முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று முறை முயற்சி செய்து எழுந்தார். தாத்தா காலத்து மர நாற்காலியிலிருந்து ஒரே மூச்சில் எழுந்துவிட்டார். டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 19 அங்குலம். அவ்வளவுதான், நமக்கு வேண்டிய சீட்டின் உயரம் தெரிந்துவிட்டது. கம்பெனிக்காரரிடம், "சீட் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, 19 அங்குலம் வருமா" என்று கேட்கும்போதே அவர் நம்மிடம் பேசுகிற விதம் மாறுகிறது.

எந்த நாற்காலியிலிருந்தும் தானாக எழ முடியாதவருக்கு, கூடவே ஒருவர் இருந்தால்தான் ஸ்டேர் லிஃப்ட் உதவும். முதுகை நிமிர்த்தி உட்கார முடியாதவர், அடிக்கடி வலிப்பு வருகிறவர், மறதி நோயில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடுவழியில் எழுந்துவிடக் கூடியவர் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சக்கர நாற்காலியிலேயே இருப்பவருக்கும் இது சரிப்படாது. சக்கர நாற்காலி இதில் ஏறாது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு வாங்கி வைத்து, இரண்டு முனையிலும் தூக்கி மாற்றி உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு நேராக மேலே போகும் வீட்டு லிஃப்ட்தான் வழி. அதற்குத் தளத்தில் ஓட்டை போட வேண்டும் அல்லது வெளிச்சுவரை ஒட்டித் தனியாகக் கட்ட வேண்டும். செலவும் வேலையும் அதிகம்தான். ஆனாலும் வரும் வருஷங்களில் சக்கர நாற்காலி தேவைப்படும் என்று டாக்டர் சொன்னால், இன்று ஸ்டேர் லிஃப்ட்டில் பணத்தைப் போடுவது இரண்டு செலவாகிவிடும்.

இன்னொரு கேள்வியையும் மனசாட்சியோடு கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவரைக் கீழேயே தங்க வைத்தால் என்ன? கீழே ஒரு அறையும் பாத்ரூமும் இருந்தால் இதுதான் செலவில்லாத வழி. நாங்களும் மூன்று மாதம் அப்படிச் செய்தோம். ஆனால் அம்மாவின் பூஜை அறை மேலே, துளசி மாடம் மேலே. சாயந்திரமானால் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எதிர்வீட்டு அக்காவோடு பேசுவதும் மேலேதான். கீழே அவர் டிவி பார்த்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒரு நாள் சொன்னார்: "கீழ இருந்தா, எங்க வூட்டுக்கே நான் விருந்தாளியா வந்த மாதிரி இருக்குதுடா." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலைப் பெரியவர் வாயால் கேளுங்கள்.

திருப்பம்தான் விலை

ஸ்டேர் லிஃப்ட் இரண்டு வகை. தண்டவாளத்தைக் கம்பெனிக்காரர்கள் 'ரயில்' என்பார்கள். படி ஒரே நேராக ஏறினால் நேர் ரயில். நடுவில் திரும்பினால் வளைவு ரயில். நேர் ரயில் தயாராகவே கிடைக்கிறது. நம் படியின் நீளத்துக்கு வெட்டிப் பொருத்திவிடுவார்கள். வளைவு ரயிலை உங்கள் படிக்கென்றே, படிப்படியாக அளந்து தொழிற்சாலையில் வளைத்துச் செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் பல வாரம் காத்திருக்க வேண்டும். எனக்கு வந்த கொட்டேஷன்களில் வளைவு ரயிலின் விலை நேர் ரயிலைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. பிறகு வேண்டாமென்றாலும், நேர் ரயிலை இன்னொரு வீட்டில் மாட்ட முடியும். வளைவு ரயில் வேறு எந்த வீட்டுப் படிக்கும் பொருந்தாது, விற்றால் நாற்காலிக்கும் மோட்டாருக்கும் மட்டும் ஏதோ கிடைக்கும்.

நம் ஊர் வீடுகளில் நேர்ப் படி அபூர்வம். மனை சின்னது என்பதால் மேஸ்திரி பாதி ஏற்றி, ஒரு லேண்டிங் போட்டு, எதிர்த்திசையில் திருப்பிவிடுவார். எங்கள் வீட்டிலும் 9 படி, லேண்டிங், 9 படி. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு இந்தத் திருப்பத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய முடிவு.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சுவரை ஒட்டி, லேண்டிங்கைச் சுற்றி வரும் வளைவு ரயில். நீளம் அதிகம், ஆனால் நாற்காலி சுவர்ப் பக்கம் இருப்பதால் கைப்பிடிக் கிரில் மற்றவர்களுக்குக் கிடைக்கும். இரண்டாவது, உள்பக்கம் கிரில்லை ஒட்டித் திரும்பும் வளைவு ரயில். நீளம் குறையும், ஆனால் படியின் உள்பக்கம் அடைபட்டுவிடும், நடப்பவர்களுக்குப் பிடிமானம் போய்விடும். மூன்றாவது, இரண்டு நேர் ரயில்கள், இரண்டு நாற்காலிகள். லேண்டிங்கில் ஒன்றிலிருந்து எழுந்து இரண்டு எட்டு நடந்து அடுத்ததில் உட்கார வேண்டும். விலை பெரும்பாலும் ஒரு வளைவு ரயிலைவிடக் குறையும்.

இந்த மூன்றாவது வழிதான் முதலில் எனக்கும் பிடித்திருந்தது. தெரபிஸ்ட் ஒரே கேள்வி கேட்டார்: "ஒரு தடவை மேலே போக எத்தனை தடவை உட்கார்ந்து எழணும்?" இரண்டுக்குப் பதில் நான்கு. அதில் பாதி, மூன்றடி அகல லேண்டிங்கில், ஒரு பக்கம் படிகள் பள்ளமாக இறங்கும் இடத்தில். கால்கள் ஓரளவு திடமாக இருந்து, ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பது மட்டுமே பிரச்சினை என்றால் இரண்டு ரயில் போதும், தாராளமாக வாங்கலாம். பக்கவாதம் வந்த எங்கள் அம்மாவுக்கு அது ஆகாது. கடன் வாங்கித்தான் வளைவு ரயில் போட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

டேப்பை எடுங்கள்

கம்பெனிக்காரர் வருவதற்கு முன்னால் நாமே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அவர் அளவை மறுத்துப் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் சொல்வது நமக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

படியின் அகலத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு அளக்காமல், சுவரிலிருந்து கைப்பிடி வரை அளங்கள். எங்கள் படி மூன்றடி, ஆனால் கைப்பிடி உள்ளே தள்ளியிருப்பதால் 33 அங்குலம்தான் மிச்சம். பிறகு பெரியவரைச் சுவரில் முதுகு ஒட்ட உட்கார வைத்து, சுவரிலிருந்து முழங்கால் நுனி வரை அளங்கள். அம்மாவுக்கு 22 அங்குலம் வந்தது. நாற்காலியின் முதுகும் ரயிலும் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு ஐந்தாறு அங்குலம் கூட்டினால் 28. ஆக, முழங்கால் எதிர்க் கைப்பிடியில் இடிக்காது. நல்ல உயரமானவர்களுக்கும், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் முழுதாக மடங்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு இடிக்கலாம். அவர்களுக்கென்று பாதி நின்றபடி சாய்ந்து போகும் சீட்டும் இருக்கிறது. இடுப்பையும் முதுகையும் காலே தாங்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

அடுத்து கீழ் முனை. நான் ஏமாந்தது இங்கேதான். முதலில் வந்த கம்பெனியின் ஆள் கால் மணி நேரத்தில் அளந்து, அன்றே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார். முதல் படிக்கு வெளியே ரயில் ஒரு அடிக்கு மேல் தரையில் நீண்டு நிற்கும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எங்கள் படி தொடங்கும் இடத்திலேயே கீழ்ப் படுக்கையறையின் கதவு. ரயில் வந்தால் கதவு பாதிதான் திறக்கும். பிறகு வந்த வரைபடத்தைப் பார்த்த மேஸ்திரிதான், "இன்னா சார் இது, கதவு எங்க தொறக்கும்?" என்று விரல் வைத்துக் காட்டினார். கேட்டால், ரயிலின் நுனி மடங்குகிற மாதிரி செய்யலாம், அதற்குத் தனி விலை என்றார்கள். ஆர்டரை ரத்து செய்ததில் அட்வான்ஸில் ஒரு பகுதி போயிற்று. ஆகவே, ரயில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குள் கதவு, ஷூ ரேக், தண்ணீர் கேன் எதுவும் வரக் கூடாது. பெரியவர் கால் நீட்டி எழுந்து நிற்கவும் அங்கே இடம் வேண்டும்.

மேல் முனைதான் இன்னும் ஆபத்தானது. அங்கே எழுந்திருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு மாடி ஆழம். அதனால் மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி படிக்கு எதிர்ப்பக்கம், தளத்தைப் பார்த்துத் திரும்பி, அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும். திரும்பிய நிலையில் சுவிட்சை அழுத்தினாலும் நாற்காலி நகரக் கூடாது. இந்த ஒரு வசதி இல்லாத மாடலை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையால் லீவரை அழுத்தித் திருப்புவது ஒரு வகை, மோட்டாரே திருப்புவது இன்னொரு வகை. ஒரு கை பலமில்லாதவருக்கு மோட்டார் வகைக்குக் கூடக் கொடுப்பது நியாயமான செலவு. சுவிட்சும் பலமுள்ள கையின் பக்கம் வர வேண்டும். அம்மாவுக்கு வலது பக்கம் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கினேன். மேலே எழுந்ததும் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடியும் அடித்தோம், செலவு சில நூறு ரூபாய்தான்.

படியின் உறுதிக்கு வருகிறேன். கான்கிரீட் படி என்றால் பயமில்லை. ஆனால் இப்போது எல்லா வீட்டிலும் மேலே கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டியிருக்கிறோம். ஒரு நாணயத்தை எடுத்து, ரயில் வரும் ஓரத்தில் ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் கல் அடியில் சாந்தோடு நன்றாகப் பிடித்திருக்கிறது. 'டொக்' என்று காலியான சத்தம் வந்தால் அடியில் இடைவெளி இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அங்கே கல் விரிசல் விடலாம். எங்கள் வீட்டில் இரண்டு படியில் அந்தச் சத்தம் வந்தது. முன்கூட்டியே மேஸ்திரியை வைத்துக் கல்லைப் பெயர்த்து, சாந்து நிரப்பிப் பதித்துவிட்டோம். போல்ட் கல்லைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும் என்பதையும், துளை போடும்போது கல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

படி வெளியே இருந்தால்

காட்பாடி, தொரப்பாடி, காந்தி நகர் என்று எங்கே பார்த்தாலும் படி வெளியே இருக்கிற வீடுகள் நிறைய. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மேலே சொந்தக்காரர் இருப்பார். வெளிப்படிக்கு என்றே தனி மாடல்கள் உண்டு. வீட்டுக்குள் வைக்கிற மாடலை வெளியே மாட்டினால் ஒரு ஐப்பசி மழை தாங்காது. மழைக்கு உறை இருக்கிறது, ஆனால் நம் ஊரில் மழையைவிட வெயில்தான் பெரிய எதிரி. அக்கினி நட்சத்திரத்தில் நேர் வெயிலில் நின்ற சீட்டில் பெரியவரை உட்கார வைக்க முடியாது. பேட்டரியும் சூட்டில் சீக்கிரம் கெடும். இந்த வகை பேட்டரிக்குச் சுற்றுச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது கணக்கு. ஆகவே முதலில் படிக்கு மேல் ஒரு ஷீட் கூரை போடுங்கள், அப்புறம் லிஃப்ட். குடித்தனக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏறி விளையாடாமல் இருக்க, சாவி போட்டுப் பூட்டும் வசதியும் வேண்டும்.

யாரிடம் வாங்குவது

பெயரெடுத்த ஸ்டேர் லிஃப்ட் தயாரிப்பாளர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். நமக்கு முக்கியம், இங்கே விற்று, மாட்டி, பழுது பார்க்கிற ஆள். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 210. சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், போன் செய்தால் எத்தனை நாளில் வருவார், பேட்டரி எந்த அளவு, அது இங்கே கடையில் கிடைக்குமா, இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருஷம், அதில் பேட்டரி உண்டா, வாரண்டி முடிந்ததும் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வருஷத்துக்கு எவ்வளவு என்பதை வாங்கும்போதே பேசிவிட வேண்டும், மாட்டிய பிறகு பேரம் பேச முடியாது. கொட்டேஷனில் ஜி.எஸ்.டி., வண்டிக் கூலி, மாட்டும் கூலி எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர் உட்கார்ந்து, மேலே போய், எழுந்து, மறுபடி கீழே வந்த பிறகு கொடுக்க ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். அவர்களே மாட்டிய வேறு வீடு ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான் போய்ப் பார்த்த வீட்டில், அந்த வீட்டுப் பாட்டி ஐந்து நிமிஷத்தில் சொன்னது எனக்கு எல்லா கேட்லாக்கையும்விட உதவியது.

எடை எவ்வளவு தாங்கும் என்பதையும் கேளுங்கள். பல மாடல்கள் 120 கிலோவுக்கு மேல் தாங்கும். கனமானவர் என்றால் அவருடைய சரியான எடையைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது.

"லேத்துல சொன்னா நம்ம ஆளே செஞ்சு குடுத்துடுவான்" என்று ஒரு உறவுக்காரர் சொன்னார். நம் ஊர் லேத்துக்காரர்களின் திறமையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மோட்டாரையும் நாற்காலியையும் சேர்த்துவிட்டால் அது ஸ்டேர் லிஃப்ட் ஆகிவிடாது. வேகம் மீறினால் கவ்வும் பிரேக், தடங்கலில் நிற்கும் சென்சார், முனையைத் தாண்டாமல் நிறுத்தும் சுவிட்ச் எல்லாம் சோதித்துப் பார்த்து வந்தவை. பெற்றவர்கள் உட்காரும் நாற்காலியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

மாட்டிய பிறகு

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாடா இது, திருவிழா ராட்டினம் மாதிரி." இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள், 2024இல் சோளிங்கரில் ரோப் கார் வந்த பிறகு மலைக்குப் போய்வந்ததை அவரே நினைவுபடுத்திக்கொண்டார். "சாமிய பாக்க கயித்துல தொங்கிக்கினே போனேன். இதுல போக மாட்டனா?" என்று சொல்லி உட்கார்ந்தார். முதல் வாரம் முழுக்க நான் பின்னாலேயே ஏறி இறங்கினேன். கீழே நிற்கும்போதே பெல்ட், பிறகு புடவை, பிறகு சுவிட்ச் என்று வரிசையாகப் பழக்கினேன்.

புடவை விஷயத்தை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாது. கொசுவம் கால் பலகைக்கு வெளியே தொங்கக் கூடாது. முந்தானை பின்பக்கம் ரயிலின் மேல் விழக் கூடாது. பற்களில் துணி சிக்கினால் பெரியவரையும் சேர்த்து இழுக்கும். அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொசுவத்தை முழங்காலுக்கு இடையில் ஒதுக்கிக்கொள்கிறார். வேட்டிக்கும் துப்பட்டாவுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வெள்ளிக்கிழமை படியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நிறுத்திவிட்டோம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரயிலின் பற்களில் சேரும் தூசியை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் எடுக்கிறேன். எண்ணெயோ கிரீஸோ நாமாகப் போடக் கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சர்வீஸ் ஆளே பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, சார்ஜ். நாற்காலி எப்போதும் கீழ் முனையிலோ மேல் முனையிலோ சார்ஜ் ஏறும் இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் விட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். அந்த பிளக்கின் சுவிட்சும் இரவு பகல் எப்போதும் போட்டே இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் படுக்கப் போகும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பது ஐம்பது வருஷப் பழக்கம். முதல் மாதத்தில் இரண்டு முறை காலையில் நாற்காலி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு நின்றது. யார் அணைத்தது என்று கேட்டேன். அம்மாதான்.

இப்போது அந்தச் சுவிட்சின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. அதில் அம்மாவே வலது கையால், கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'அணைக்காதே.'